ஜன்னலோர மேசை, ஐந்து பேர்

எங்கள் அப்பாவை யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை, அவரே விட்டுக்கொடுத்துவிடுவார். ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்பவர் அவசரம் என்றால் முன்னே போகச் சொல்வார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரும் பஸ்ஸில் அடித்துப் பிடித்து ஏறி உட்கார்ந்த இடத்தை முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வருவார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு சாப்பாட்டு மேசைக்காக முக்கால் மணி நேரம் பிடிவாதம் பிடித்து என் அலைக்குளத்தைக் கெடுத்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. கோடை விடுமுறையில் சென்னைக்குப் பக்கத்திலிருந்த ஒரு தீம் பார்க்குக்குப் போவதென்று முடிவாயிற்று. அப்பா, அம்மா, அண்ணன், நான், முகையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த அத்தை என ஐந்து பேர். அத்தை அப்பாவின் தங்கை. அம்மா புளிசோறு கட்டிக்கொள்ளலாம் என்றார். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். பார்க்குக்குள்ளே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த ஹோட்டல் இருப்பதாகவும், அங்கே முன்கூட்டியே மேசை சொல்லி வைக்கலாம் என்றும் அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

எஸ்.டி.டி. பூத்துக்கு நானும் கூடப் போனேன். அதெல்லாம் தேவையில்லை, நேரே வந்தால் இடம் கிடைக்கும் என்று எதிர்முனையில் சொன்னார்கள் போலிருக்கிறது. அப்பா விடவில்லை.

"இல்லீங்க, பேர் எழுதிக்கோங்க. அஞ்சு பேரு, ஒரு மணிக்கு. ஜன்னல் பக்கம். மேசை மேல பேர் எழுதி வெச்சிடுவீங்கல்ல?"

மறுநாளும் போய் எழுதியாயிற்றா என்று விசாரித்தார். கிளம்புவதற்கு முந்தைய நாளும் விசாரித்தார். "இன்னா சார், கல்யாண மண்டபம் புக் பண்றீங்களா?" என்று பூத்துக்காரர் சிரித்தார்.

பார்க்கில் எனக்கு வேண்டியிருந்தது, கடல் மாதிரி அலை அடிக்கும் அந்த அலைக்குளம் ஒன்றுதான். காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒன்றரை மணிக்கு ஒருமுறை, நாலரைக்கு ஒருமுறைதான் அலை வரும் என்று பலகையில் எழுதியிருந்தது. நாலு மணிக்கு நாங்கள் பஸ் பிடிக்க வேண்டும். ஆக, ஒன்றரையை விட்டால் கிடையாது. பன்னிரண்டரைக்கெல்லாம் அப்பா எங்களைச் சறுக்குக் குழாயிலிருந்து கூப்பிட்டு, தலையைத் துவட்டி, எண்ணெய் வைத்து வாரி, ஞாயிறு பூசைக்குப் போடும் உடுப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு அலைக்கு ஓடிவிடலாம் என்று வாக்கும் கொடுத்தார்.

ஹோட்டலில் எங்கள் மேசையில் வேறொரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் பெயர் எழுதிய அட்டையை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். மேனேஜர் வருத்தம் தெரிவித்து, கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த மேசையைக் காட்டினார். நல்ல மேசைதான், நேர் மேலே மின்விசிறிகூட இருந்தது. நான் ஓடிப்போய் உட்கார்ந்தேன். அப்பா என்னை எழுந்திருக்கச் சொன்னார்.

"எங்க உக்காந்தாலும் அதே சாப்பாடுதான் சார்" என்றார் மேனேஜர்.

"தெரியுங்க. எங்க பேர் வெச்ச மேசை அதுதானே. நாங்க நிக்கறோம்" என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை.

அம்மா திண்டிவனத்திலேயே பிறந்து வளர்ந்தவர். "இன்னாங்க பேஜாரு இது, புள்ளைங்க பசியில நின்னுக்கினு இருக்குதுங்க" என்றார். அத்தையும், "உடுண்ணே, எங்க உக்காந்து துன்னா இன்னா?" என்றார்.

"நீயா கேக்கற?" என்று அப்பா திரும்பிப் பார்த்தார். அத்தை வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா நேராக அந்த மேசைக்குப் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாளின் நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள். அந்தக் குடும்பத்துக்கும் தெரியாத பழக்கமில்லை, தீம் பார்க்கில் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "நீங்க பொறுமையா சாப்புடுங்க" என்று அத்தை உபசரித்தார். அதன் பிறகு யாரால் பொறுமையாகச் சாப்பிட முடியும்? ஐஸ்கிரீம் கப்பைக் கையில் எடுத்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

நாங்கள் உட்கார்ந்தபோது மணி ஒன்றே முக்கால். ஜன்னலுக்கு வெளியே அலைக்குளம். அலை பெரிதாக வந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் கத்துவது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. நான் அழுதுகொண்டே பிரியாணியைப் பிசைந்தேன். அப்பாவோடு இனிமேல் பேசுவதில்லை என்று முடிவும் செய்தேன்.

அப்பா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஜக்கு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கூப்பிட்டு, "தம்பி, கொஞ்சம் தண்ணி ஊத்துப்பா" என்றார். சர்வர் அவருடைய டம்ளரைக் கையில் எடுத்து, நிரப்பி, அவர் முன்னால் வைத்தார். இப்படியே நாலு டம்ளர். அத்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவும் அத்தையும் சிறு பிள்ளைகளாக இருந்தபோது ஊர் டீக்கடை பெஞ்சில் எங்கள் தெருக்காரர்கள் உட்காரக் கூடாதாம். கடைக்கு வெளியே நின்று கைகளைக் குவித்தால், தொட்டுவிடாமல் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவார்களாம். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அத்தைதான் இதைச் சொன்னார். அப்பா கடைசிவரை சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு அது எதுவும் தெரியாது. பிரியாணி அவருக்குக் காரமாக இருக்கிறது போலும் என்று நினைத்து, கோபம் தீராமலேயே, என் தயிர்ப்பச்சடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.