நிற்பாட்டக்கூடிய பாட்டு

காலையில் வேலைக்குப் போகும்போது அக்காவுக்கு வானொலியைப் போட்டுவிட்டுப் போவேன். முகம் கழுவிவிட்டு, தேத்தண்ணி பருக்கி, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்து இருத்தி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக அந்தப் பெட்டியின் குமிழைத் திருப்புவேன். பற்றரியில் ஓடுகிற சின்னப் பெட்டி அது. அலுமாரிக்கு மேலே இருந்தது. நான் இல்லாத நேரம் அக்காவுக்குத் துணைக்கு ஒரு ஆள் மாதிரி இருக்கட்டும் என்றுதான் போட்டேன்.

பாலையூற்றில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கலியாணம் கட்டவில்லை. அக்கா கட்டி, அது சரிவராமல் திரும்பி வந்தவள். நகரத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். பிறகு மூட்டு வாதம் வந்தது. கைவிரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளுக்கு மடங்கின. முழங்கால்கள் வீங்கி, கால் ஊன்ற ஏலாமல் போனது. நாக்கு மட்டும் முந்தின மாதிரியே இருந்தது. எனக்குச் சேர வேண்டிய கதையையும் அவளே சேர்த்துக் கதைப்பாள்.

எனக்குத் துறைமுகக் கரையில் ஃபைபர் படகு திருத்தும் இடத்தில் வேலை. காலையில் போனால் பின்னேரந்தான் வருவேன். மத்தியானம் பக்கத்து வீட்டு மாமி வந்து அக்காவைப் பார்ப்பா. எங்கள் வீட்டுக் கதவுப் பூட்டின் திறப்பு ஒன்று மாமியிடம் இருந்தது. சோறு தீத்திவிட்டு, உடம்பைத் திருப்பிவிட்டு, வானொலியையும் நிற்பாட்டிவிட்டுப் போவா. மரண அறிவித்தல் வாசிக்கிற நேரம் வந்துவிட்டால் மாமிக்குப் பிடிக்காது.

"செத்த ஆக்களின்ர பேரைக் கேட்டுக்கொண்டு ஏன் பிள்ளை கிடக்கிறாய்?" என்பா.

"நான் எங்க மாமி கேக்கிறன்? அவங்கள் வாசிக்கிறாங்கள். எழும்பி ஓட ஏலுமெண்டால் ஓடியிருப்பன்" என்று அக்கா சிரிப்பாள்.

அதை ஒரு பகிடியாகத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் நான் வேலைக்குப் போன பிறகு மாமியின் புருசன் கதிரையில் இருந்தபடியே செத்துப்போனார். எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு என்றால், சத்தம் கேட்டதும் ஆட்கள் முதலில் செய்வது வீட்டில் வானொலி, டிவி எல்லாவற்றையும் நிற்பாட்டுவது. பிறகுதான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவார்கள். பிரேதம் எடுக்கும்வரை ஒரு வீட்டிலும் பாட்டுக் கேட்காது. கோபதாபம் உள்ள வீடென்றாலும் அதை மீறமாட்டார்கள்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் மட்டும் பாட்டுப் பாடியது. அறைக் காற்றாடி சுற்றுகிற சத்தத்துக்கு மேலால் கேட்க வேண்டுமென்று நான் கூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தேன். கதவு பூட்டு. திறப்பு ஒன்று என்னிடம். மற்றது மாமியிடம். அந்த நேரத்தில் மாமியிடம் போய் யார் திறப்புக் கேட்பது?

ஒழுங்கையில் இருக்கிற ஒரு பெரியவர் என் போனுக்கு அடித்தார்.

"தம்பி, உங்கட வீட்டில என்ன கலியாணமோ? இஞ்ச பக்கத்து வீட்டில பிரேதம் கிடக்குது, உங்கட பெட்டி குத்துப்பாட்டுப் படிக்குது."

சைக்கிளில் வந்து சேர்ந்தபோது மாமி வீட்டு முற்றத்தில் கதிரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டைபறிச்சானிலிருந்து சொந்தக்காரர் ஒரு வானில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குனிந்தபடி கதவைத் திறந்து போய்க் குமிழைத் திருப்பினேன். சத்தம் நின்றதும் மாமியின் ஒப்பாரி சுவருக்கு அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

அக்காவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"கத்திப் பாத்தனான் தம்பி. பாட்டு என்னை விடப் பெலமாக் கத்தினது."

செத்தவீட்டுக்கு நான் மட்டும் போனேன். மாமி என்னைக் கண்டு அழுதா, பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்காவுக்குப் போய்ச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் வழக்கம்போல அலுமாரிக்கு மேலே கையைக் கொண்டுபோனேன்.

"வேண்டாம்," என்றாள் அக்கா. "நிப்பாட்ட ஏலாத ஒண்டை எனக்குப் போடாதை."

அன்றிலிருந்து வீட்டில் பாட்டு இல்லை. செத்தவீட்டுத் துடக்கு முடியும்வரை மாமியும் வரமாட்டா. மத்தியானத்தில் நானே சைக்கிளில் வந்து அக்காவுக்குச் சோறு தீத்திவிட்டுத் திரும்பிப் போனேன். பின்னேரங்களில் அக்கா என்னைக் கதைக்கச் சொல்லிக் கேட்டாள். எனக்கு என்ன கதை? இன்றைக்கு ஒரு படகுக்கு அடி ஓட்டை அடைத்தோம் என்பேன். நேற்றும் அதுதானே சொன்னனீ என்பாள்.

"உன்ர கதையை விட அந்தச் செத்த அறிவித்தல் மேல்" என்று சிரித்தாள். ஆனால் பெட்டியைப் போடச் சொல்லிக் கேட்கவில்லை. யாராவது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டால் அது மாமியோ என்று தலையைத் திருப்புவாள். மாமி இனி வருவாவா மாட்டாவா என்பதுதான் அவளுடைய மனதில் கிடந்தது. எனக்கு அது தெரியும். அதைப் பற்றிக் கதைக்க எனக்குத் தெரியவில்லை. ஆகவே கடைக்குப் போனேன்.

நகரத்தில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட கிண்ணியாக்காரர் ஒருவருடைய மின்சாரச் சாமான் கடை இருக்கிறது. நானா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். கடையில் ஆட்கள் குறைகிற நேரம் பார்த்து வெளியில் நின்றேன். ஆட்கள் குறையவில்லை.

"என்ன தம்பி, வெளிய நிண்டு கடையை வாங்கவா பாக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க."

படுக்கையில் கிடக்கிற ஆளுக்கு, கை வழங்காத ஆளுக்குப் பாட்டுப் பெட்டி வேண்டும் என்று சொன்னேன். அவர் உடனே ஒரு உருண்டைப் பெட்டியை எடுத்து வைத்தார். கையே தேவையில்லையாம். வாயால் சொன்னால் காணுமாம். இங்கிலீசில் ஏதோ சொன்னார். பெட்டி பாடியது. இன்னொன்று சொன்னார். நின்றது.

"இப்ப நீங்க சொல்லிப் பாருங்க."

பக்கத்தில் பல்பு வாங்க வந்தவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனிதர்களோடு கதைக்கவே எனக்குக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடம் இங்கிலீசும் இல்லை. அவர் சொன்னதை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். பெட்டி பெண்குரலில் என்னிடம் திருப்பி ஏதோ கேட்டது. பல்புக்காரர் ஒருவர், "அதுக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சுப் போல அண்ணன்" என்றார். கடை சிரித்தது.

எனக்குக் காது சுட்டது. பக்கத்தில் இருந்த ரிமோட் வைத்த பெட்டி ஒன்றைக் காட்டி, இது காணும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில்தான் யோசித்தேன். கதைக்கத் தேவையில்லாத பெட்டியை எனக்கு ஏற்ற மாதிரி வாங்கியிருந்தேன். கதைக்கக்கூடியவள் அக்கா. அமத்தத்தான் அவளால் ஏலாது.

ரிமோட்டை அவளுடைய கையில் வைத்தேன். பட்டன்கள் பயற்றங்கொட்டை அளவு. மடங்கிய விரலின் மூட்டால் ஒன்றை அமத்தப் போனாள், மூன்று சேர்ந்து அமந்தன. பெட்டி பாடாமல் பச்சையும் சிவப்புமாக மினுங்கத் தொடங்கியது.

"திருவிழாவுக்கு வாங்கிக்கொண்டு வந்தனியோ?" என்றாள். ரிமோட் வழுகிக் கட்டிலுக்குக் கீழே விழுந்தது. நான் குனிந்து தேடும்போது மேலிருந்து அவளுடைய குரல் வந்தது.

"தம்பி, என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ."

நான் கட்டிலுக்குக் கீழேயே கொஞ்ச நேரம் இருந்தேன். ஒழுங்கையில் எல்லோரும் பார்க்க அவளைத் தூக்கிக்கொண்டு போவதையும், கடையில் அத்தனை பேருக்கு முன்னால் அவளை இருத்துவதையும் நினைத்தேன்.

"சனம் பாக்கும் அக்கா."

"பாக்கட்டுமன். நான் எத்தினை சனத்தை அளவெடுத்திருப்பன். என்னைப் பாத்தால் என்ன குறைஞ்சுபோம்?"

அடுத்த நாள் ஆட்டோ ஒன்று பிடித்தேன். அவளைத் தூக்கி இருத்தி, விழாமல் பக்கத்தில் அணைத்துக்கொண்டு போனேன். நகரத்தைக் கண்டு எவ்வளவோ காலம் என்று வழி முழுக்கக் கதைத்தாள். நான் தலை நிமிராமல் இருந்தேன். அவள் கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தாள்.

நானா கதிரை ஒன்றைக் கொண்டுவந்து கடை நடுவில் போட்டார். ரிமோட் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டார், முகம் சுளிக்கவில்லை. மறுபடியும் அந்த உருண்டைப் பெட்டியை எடுத்தார்.

"அக்கா, நீங்க நல்லாக் கதைக்கிறீங்க. உங்களுக்கு இதுதான் சரி. நிப்பாட்டுற சொல்லு ஒண்டைப் பழகினாக் காணும்."

அக்கா அந்த இங்கிலீசுச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பழகினாள். பெட்டி நின்றது. எனக்குச் சந்தோசம். அவள் விடவில்லை.

"நானா, சத்தத்தை முழுக்கக் கூட்டுங்கோ. அப்ப சொல்லிப் பாப்பம்."

கூட்டினார். கடை அதிர்ந்தது. அக்கா சொன்னாள். பெட்டி பாடிக்கொண்டேயிருந்தது. கத்தினாள். வீதியில் போன ஒருவர் நின்று பார்த்தார். பெட்டி பாடிக்கொண்டேயிருந்தது. கடைசியில் நானா வயரைக் கழற்றினார்.

"இதுவும் அவனைப் போலத்தான்," என்று என்னைக் காட்டினாள். "தன்ர பாட்டில நிக்கேக்க மற்ற ஆளின்ர சொல்லுக் கேளாது."

அன்றைய காலை அவள் கட்டிலில் கிடந்து எப்படிக் கத்தியிருப்பாள் என்று அப்போதுதான் எனக்குக் கண்ணால் தெரிந்தது. அதுவரை காதால் கேட்ட செய்தியாகத்தான் இருந்தது.

பிறகு ஒவ்வொரு பெட்டியாக மடியில் வைத்துப் பார்த்தாள். சிலவற்றின் பட்டன் பின்பக்கம். சிலவற்றில் பட்டனே இல்லை, கண்ணாடியைத் தடவ வேண்டும். அவளுடைய தோல் காய்ந்து கிடந்ததாலோ என்னவோ, தடவியதை அது உணரவில்லை. குமிழ் உள்ள பெட்டியின் குமிழைத் திருப்ப விரல் இல்லை. நானாவுக்கும் களைத்துவிட்டது.

அக்கா தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தையல் கடையில ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது நானா. கரண்ட் போனால் நிண்டிடும். கரண்ட் வந்த உடன ஆரும் தொடாமலே தானாப் பாடும். இஞ்ச அப்பிடி ஒண்டு இல்லையோ?"

நானா நெற்றியைச் சொறிந்தார். "இப்பத்தை சாமான் கரண்ட் போய் வந்தா நித்திரையாப் போயிரும் அக்கா. பட்டனை அமத்தித்தான் எழுப்பணும்." ஆனாலும் ஒவ்வொன்றாகச் செருகி, சுவிட்சைப் போட்டு, எடுத்துப் பார்த்தார். புதிதாகப் பளபளத்தவை எல்லாம் நித்திரையாயின. மூலையில் தூசி படிந்து கிடந்த, பெரிய குமிழ் வைத்த ஒரு பெட்டி மட்டும் சுவிட்சைப் போட்டதும் எழும்பிப் பாடியது. அதில் செருகியிருந்த பென் டிரைவின் முதலாவது பாட்டு வந்தது.

"இனிப் பெட்டியைத் தொடத் தேவையில்லை," என்றாள் அக்கா. "எனக்குப் பெரிய சுவிட்ச் ஒண்டு தாங்கோ."

இப்போது வீடுகளுக்குப் போடுகிறார்களே, உள்ளங்கை அகலத்துக்கு, அந்த மாதிரிச் சுவிட்ச் ஒன்றை நீள வயர் உள்ள பிளக் பெட்டியில் பூட்டி, பாட்டுப் பெட்டியை அதில் செருகித் தந்தார் நானா. அக்கா முழங்கையால் தட்டினாள். பாட்டு வந்தது. தட்டினாள். நின்றது. திரும்பத் திரும்பத் தட்டினாள். ஒவ்வொரு முறையும் பாட்டு முதலிலிருந்து தொடங்கியது.

"விட்ட இடத்தில பிடிக்காது அக்கா. எப்பவும் முதல் பாட்டுத்தான்," என்றார் நானா.

"அப்ப முதல் பாட்டு ஆர் வந்து நிண்டாலும் வெக்கப்படத் தேவையில்லாத பாட்டாப் போடுங்கோ."

நானா தன் கணினியில் தேடித் தேடி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். பல்பு வாங்க வந்தவர்களும் ஆளுக்கொரு பாட்டுச் சொன்னார்கள். அன்றைக்கும் கடை சிரித்தது. நான் ஒரு ஓரத்தில் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

வேலைத்தலத்தில் மிஞ்சிய ஃபைபரில் ஒரு தட்டு வார்த்து, சுவிட்சை அதில் பதித்துக் கட்டில் ஓரத்தில் பூட்டினேன். முழங்கை படும் இடம் தெரிய அக்காவைப் பலமுறை தட்டச் சொல்லிப் பார்த்துத்தான் ஆணி அடித்தேன். அதன் பிறகு பின்னேரம் நான் உள்ளே வந்ததும் அவள் பாட்டை நிற்பாட்டத் தொடங்கினாள். "இப்ப கதை" என்பாள். அது எனக்கு வந்த புதுச் சங்கடம். வேலைத்தலத்தில் நடப்பதை அவளுக்குச் சொல்லவென்று கவனித்து வைக்கப் பழகினேன்.

மாமி வீட்டில் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த சில நாளில் ஒரு பின்னேரம், குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். அறையில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் செருப்புச் சத்தம். அந்த நடையை எனக்கும் தெரியும். டக் என்று சுவிட்ச் தட்டுப்பட்டது. வீடு அமைதியானது.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனீ?" மாமியின் குரல்.

"நீங்கள் வாறியள் எண்டு."

கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"மாமி, அண்டைக்கு..."

"கோவந்தான் வந்தது பிள்ளை. பொய் சொல்லமாட்டன். பேந்து குளிக்கப் போகேக்கதான் பாத்தன், உங்கட திறப்பு என்ர இடுப்பிலதான் கிடந்தது. அதை எடுத்து ஒரு ஆளிட்டக் குடுக்க எனக்குத் தோணேல்ல."

"அந்த நேரத்தில அது எப்பிடி மாமி தோணும்?"

"நீயும் எப்பிடி எழும்பி வாறது?"

நான் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே மாமி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "இதென்ன, கட்டிலில பலகை அடிச்சு வைச்சிருக்கிறான்?" என்று கேட்டா.

"அதுதான் மாமி சுவிட்ச். முழங்கையால தட்டினால் காணும்."

"எங்க, போடு பாப்பம்."

டக். முதல் பாட்டு தொடங்கியது. மாமி ஏதோ சொல்ல, டக், நின்றது. மறுபடியும் டக். அதே பாட்டு, முதலிலிருந்து. இம்முறை தட்டியது மாமியாகத்தான் இருக்க வேண்டும், சத்தம் பலமாக இருந்தது. நான் மூன்று கோப்பைகளைக் கழுவி எடுத்தேன்.