பினாங்கு மாநாடும் சிம்பாங் அம்பாட் மெத்தையும்

பினாங்கு என்று இணையத்தில் தேடினால் சுவரோவியங்களும் செண்டோல் கடைகளும் வந்து குவியும். மாணவர் மாநாட்டுக்காக அந்த ஊருக்குப் போகிறவர் எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, கூட்டங்களுக்கு நடுவே எப்படி மூச்சு விடுவது என்று எழுதியவர் ஒருவரும் இல்லை. போன பருவ விடுமுறையில் நான் போய் வந்தேன். அடுத்த ஆண்டு உங்கள் மன்றமும் யாரையாவது அனுப்பும். அவர்களுக்காக இது.

நாங்கள் இரண்டு பேர். நான் மலர், ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. கூட வந்தவள் யோகேஸ்வரி, சுருக்கமாக யோகா, என் அறைத்தோழி. தமிழ் மாணவர் மன்றங்களுக்கான மாநாடு அது. தலைமைத்துவம், சேவை, சமூகப் போராட்டம் என்று மூன்றையும் மூன்று நாளில் கற்றுத் தந்துவிடுவார்களாம். நான் போனது மன்றம் பேருந்துக் காசு கொடுத்ததால். யோகா போனதற்கு வேறு காரணம் இருந்தது. நிறைவு நாளில் சிறப்பாகப் பேசும் ஒருவரை பாங்காக்கில் நடக்கும் ஒரு வார மாநாட்டுக்குச் செலவில்லாமல் அனுப்புவதாக அறிவித்திருந்தார்கள். அவள் இதுவரை விமானம் ஏறியதில்லை. குளுவாங்கில் பள்ளி வேன் ஓட்டும் அவள் அப்பா ஒரு நாள் விடுப்பு எடுத்து அவளைக் கூட்டிப்போய் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆசை பெரியது. அந்த பாஸ்போர்ட்டை அவள் பினாங்குக்கும் கொண்டுவந்தாள். பினாங்குக்கு எதற்கடி என்றால் சிரிக்கிறாள்.

ஜொகூர் பாருவிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பேருந்து எண்பது வெள்ளி, அதாவது ரிங்கிட், ஒன்பதரை மணி நேரம். குளிர்சாதனத்தை யாரும் குறைக்க மாட்டார்கள், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடைபாதை இருக்கிறது, பத்து நிமிடம் கூட ஆகாது. படகுக்கு இரண்டு வெள்ளி, கையில் காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள், அட்டை வேண்டும். பாலம் வழியாகப் போனால் வேகம் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். பதினைந்து நிமிடப் படகில் ஜார்ஜ் டவுன் மெல்ல நெருங்கி வருவதைப் பார்ப்பதற்கே இரண்டு வெள்ளி கொடுக்கலாம்.

சூலியா சாலையில் ஒரு விடுதியில் எட்டுப் பேர் அறை, ஒரு படுக்கை முப்பத்தைந்து வெள்ளி. மாநாட்டு மண்டபம் லிட்டில் இந்தியாவைத் தாண்டி, நடந்து போகிற தூரம். காலையில் பூக்கடையும் பாட்டுக்கடையும் போட்டி போடும் அந்தத் தெருக்கள் வழியாக நடந்தால் தூக்கம் தானாகக் கலையும். மதியத்துக்கு நாசி கண்டார், சோற்றோடு பல குழம்பும் கறியும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் வரிசை நீளமாக இருக்கும், நகராதது போலவும் இருக்கும், ஆனால் நகரும். "கொழம்பு கலந்து ஊத்தவா, தங்கச்சி?" என்று கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள். தனித்தனியாக ஊற்றச் சொன்ன யோகாவைக் கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்தார்.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழுத்தில் அட்டை, உடம்பில் சட்டை. சட்டை ஒரே அளவுதான் மிச்சம், எக்ஸெல். நீங்கள் ஒரு மிருகம் என்றால் என்ன மிருகம் என்று வட்டமாக நிற்க வைத்துக் கேட்டார்கள். பதினோரு பேர் சிங்கம் என்றார்கள். நான் பூனை. மதியத்துக்குப் பிறகு மஞ்சள் ஒட்டுத்தாளில் சமூகத்துக்கு என்ன செய்யப் போகிறோம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். சாயங்காலம் குளிர்சாதனத்தை நிறுத்தியதும் பாதி உறுதிமொழிகள் தரைக்கு வந்துவிட்டன.

இரண்டாம் நாள் சேவை நாள். குழுக்களாகப் பிரித்து ஒவ்வோர் இடத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் இருபது பேருக்கும் சிம்பாங் அம்பாட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. தீவிலிருந்து பாலம் கடந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், சனிக்கிழமை நெரிசலில் ஒரு மணி நேரம். சுற்றிலும் தொழிற்சாலைகள், அவற்றில் வேலை செய்கிறவர்களின் வீடுகள். குடியிருப்பைச் சுத்தம் செய்வது, படம் எடுப்பது, மதியத்துக்குள் திரும்புவது என்பது திட்டம். குழுத் தலைவர் கோபி, இறுதியாண்டு மாணவர். எங்கள் எல்லாருக்கும் கோபி அண்ணன். நல்ல மனிதர்தான், எதையும் படத்தோடு பார்த்தால்தான் நம்புவார். நிறைவு நாளில் எங்கள் குழு சார்பாகப் பேச யோகாவைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. குரல் பெரிது என்பது காரணம்.

வேனை விட்டு இறங்கினோம். கையுறை போட்டோம். குப்பை இல்லை.

மிகைப்படுத்தவில்லை. படிக்கட்டுகளைக் கழுவி விட்டிருந்தார்கள். சாக்கடையில் தண்ணீர் ஓடியது. மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் கூடாரம் போட்டு, மேசையில் துணி விரித்திருந்தார்கள், பெரிய அண்டாவில் ஏதோ மணத்துக்கொண்டிருந்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இருபது மாணவர்கள் கூட்டிப் பெருக்க வருகிறார்கள் என்று கோபி அண்ணன் குடியிருப்பின் வாட்சப் குழுவில் முன்தினமே செய்தி போட்டிருந்தார். அதைப் படித்த கையோடு மொத்தக் குடியிருப்பும் விளக்குமாற்றை எடுத்திருக்கிறது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சாந்தி அக்கா எங்களை வரவேற்றார். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. இயந்திரச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல், யோகாவின் குரலே அதற்கு முன் கொஞ்சம் அடங்கிவிட்டது.

"வாங்க வாங்க, மொதல்ல உக்காருங்க! சாப்ட்டுட்டுப் பேசலாம்."

"அக்கா, நாங்க கிளீன் பண்ணல்ல வந்தோம்?" என்றார் கோபி அண்ணன்.

"அதெல்லாம் நேத்தே முடிச்சாச்சு லா, தம்பி. வீட்டுக்கு ஆளு வராங்கன்னா கூட்டாம இருப்பமா?"

கோபி அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. முன், பின் என்று இரண்டு வகைப் படம் அனுப்ப வேண்டும் என்பது மாநாட்டு விதி. 'பின்' கண்முன்னே பளபளவென்று இருந்தது. 'முன்' இல்லை. அவர் அதைத் தயங்கித் தயங்கி அக்காவிடம் விளக்கினார். அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ வருத்தப்பட்டார்.

"அடடா! முன்னாலயே சொல்லிருந்தா கொஞ்சம் விட்டு வச்சிருப்பமே தம்பி!"

வந்த விருந்தாளி வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மேலே பார்த்து ஒரு குரல் கொடுத்தார். மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் இரண்டு பை காய்ந்த இலைகளை இறக்கினார். இன்னொருவர் தம் வீட்டு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து, எங்கே போட என்று மரியாதையாகக் கேட்டார். கடைசியாக மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் எங்கள் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்த பழைய மெத்தை ஒன்றை நான்கு பேர் இழுத்து வந்தார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் கோபி அண்ணன் நிமிர்ந்தார். மெத்தையைப் படிக்கட்டு ஓரம் கிடத்தி ஒரு படம். அதை எட்டுப் பேர் தூக்கிக் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோய் இன்னொரு படம். எட்டில் நானும் ஒருத்தி. படத்தில் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பிறகு சாப்பிட்டோம். கோழிக்கறி, சாம்பார், அப்பளம், ஆளுக்கொரு பாக்கெட் சிராப் பானம். யோகா மட்டும் கை கழுவியதும் அண்டாவைக் கழுவப் போனாள். அக்கா விடவில்லை. "விருந்தாளி அண்டா கழுவறதா? போமா அந்தாண்ட!" திரும்பும் வழியில் வேனே தூங்கியது. யோகா தூங்கவில்லை. நாளைக்கு என்ன பேசுவது என்று என்னைக் கேட்டாள்.

"எல்லாரும் பேசறதையே பேசு. போனோம், செஞ்சோம், மனசு நெறஞ்சதுன்னு."

"வயிறுதான்டி நெறஞ்சது," என்றாள்.

மூன்றாம் நாள் ஆறு குழுக்கள் பேசின. அவற்றில் இரண்டு ஆற்றங்கரையைச் சுத்தம் செய்தவை, திரை முழுக்க முன், பின் படங்கள். ஐந்தாவதாக யோகா மேடையேறினாள். மெத்தைப் படம் அவளுக்குப் பின்னால் பெரிதாக விழுந்தது. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்ததை நடந்தபடி சொல்லத் தொடங்கினாள். கோபி அண்ணன் பெயரை எடுக்கவில்லை, எல்லா இடத்திலும் 'நாங்கள்' என்றே சொன்னாள். இலைப் பை இறங்கிய இடத்தில் அரங்கம் சிரித்தது. மெத்தை வந்தபோது இன்னும் சிரித்தது. முன்வரிசையில் இருந்த நடுவர்களில் ஒருவர் சிரிக்காமல் கேட்டார்.

"அப்ப உங்க குழு என்னதான்மா சேவை செஞ்சீங்க?"

"சாப்ட்டோம் சார்," என்றாள் யோகா. "அவங்க ஒரு நாள் பூரா கூட்டி, கழுவி, சமைச்சிருக்காங்க. நாங்க சாப்ட்டோம். சேவை செஞ்சது அவங்க. நாங்க போகாம இருந்திருந்தா அந்த அக்காவுக்கு ஒரு நாள் லீவு மிஞ்சிருக்கும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கைதட்டல் வந்தது, ஆனால் யாருக்காகத் தட்டுகிறோம் என்று தெரியாத கைதட்டல். மாலை நான்கு மணிக்கு முடிவு. பாங்காக்குக்கு ஆற்றங்கரைக் குழுக்களில் ஒன்றிலிருந்து ஒருவர். கோபி அண்ணன் எங்களை விட்டுவிட்டு மற்றவர்களோடு படம் எடுக்கப் போய்விட்டார். எனக்கு யோகாமீது கோபம் வந்தது. ஐந்து நிமிடம் வாயை அடக்கியிருந்தால் விமானம் ஏறியிருப்பாள். பெருமையும் வந்தது என்று இப்போது சொல்லலாம், ஆனால் அன்று கோபம்தான். அவள் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. அப்பாவுக்கு என்ன சொல்வது என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பேருந்து. காலையில் மலையுச்சிக்குப் போகும் கொடிமலை ரயிலில் ஏறலாம் என்று வைத்திருந்தேன். யோகா சிம்பாங் அம்பாட் என்றாள். எதற்கென்று கேட்டதற்கு, "அண்டா கழுவ," என்றாள். தர்க்கம் செய்யும் நிலையில் அவள் இல்லை, நானும் இல்லை. படகில் பட்டர்வொர்த் வந்து, பைகளைப் பேருந்து நிலையத்தில் வைத்துவிட்டு, செயலியில் அழைப்பு வண்டி பிடித்தோம். இருபத்திரண்டு கிலோமீட்டர், இருபத்தெட்டு வெள்ளி. ஓட்டுநர் நிபோங் திபால்காரர், தமிழர்.

"அங்க என்னா இருக்குன்னு போறீங்க? பார்க்க ஒண்ணும் இல்லையே தங்கச்சி."

"தெரியும் அண்ணே. போன தடவ ஒண்ணும் இல்லாதப்பதான் போனோம்," என்றாள் யோகா. அவர் கண்ணாடியில் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு வானொலியைக் கூட்டி வைத்தார்.

குடியிருப்பு இப்போது எல்லாக் குடியிருப்பையும் போல இருந்தது. படிக்கட்டில் மிட்டாய்த் தாள், சாக்கடையில் போத்தல், மோட்டார் சைக்கிள்கள் இஷ்டத்துக்கு. குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் வைத்த இடத்திலேயே மெத்தை, மழையில் ஊறிப் பெருத்து. அன்று மாலை ஷிப்ட் என்பதால் சாந்தி அக்கா வீட்டில் இருந்தார். முதல் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, தலையில் துண்டோடு கீழே ஓடி வந்தார்.

"என்னாம்மா இது, சொல்லாம கொள்ளாம! ஒரு மெசேஜ் போட மாட்டீங்களா? எல்லாம் குப்பையா கெடக்கு!"

"அதுக்குத்தான்கா சொல்லாம வந்தோம்," என்றாள் யோகா.

அக்கா வழக்கம்போல் சாப்பிடக் கூப்பிட்டார். யோகா முதலில் விளக்குமாறு என்றாள். சாப்பாடு, விளக்குமாறு, சாப்பாடு, விளக்குமாறு என்று இரண்டு பெரிய குரல்கள் மோதியதில் இரண்டாம் மாடி வரை கதவுகள் திறந்தன. கடைசியில் அக்கா சிரித்துவிட்டார். உள்ளே போய் இரண்டு விளக்குமாறு கொண்டுவந்தார், தமக்கொரு முறத்தையும் எடுத்துக்கொண்டார். மெத்தையை ஏன் யாரும் எடுக்கவில்லை என்று கேட்டேன். "குப்ப லோரி அதெல்லாம் ஏத்தாதும்மா. தனியா போன் போட்டுச் சொல்லணும். எல்லாருக்கும் வேல, யாரு போடறது?" யோகா அங்கேயே நின்று போன் போட்டாள். இருபது நிமிடம் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள், காத்திருந்தாள். வியாழக்கிழமை லோரி வந்து எடுத்துப் போனதாக அக்கா பிறகு குரல்பதிவு அனுப்பினார்.

ஒரு மணிப் பேருந்து போய்விட்டது. அடுத்ததற்குப் புதிதாக எண்பது வெள்ளி. ஆகவே முதல் அறிவுரை, திரும்பும் நாளில் வேறெங்கும் போகாதீர்கள். போனால் மாலைப் பேருந்துக்குப் பதிவு செய்யுங்கள். கொடிமலைக்கு வார நாள் காலைதான் நல்லது என்கிறார்கள், நான் பார்க்கவில்லை. மாநாட்டுச் சட்டையை முதல் ஆளாகப் போய் வாங்குங்கள். சேவைக்குப் போகும் இடத்துக்கு முன்கூட்டியே செய்தி போட்டால் சாப்பாடு நிச்சயம், வேலை நிச்சயமில்லை.

யோகாவின் பாஸ்போர்ட் அவள் மேசை இழுப்பறையில் இருக்கிறது, இன்னும் நான்கு வருடம் செல்லும். அப்பாவிடம் நடந்ததை அப்படியே சொன்னாளாம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த மெத்தையை எடுத்தார்களா என்று கேட்டாராம்.

இந்தப் பதிவின் மேலே இருக்கும் படம் சனிக்கிழமை எடுத்தது. எட்டுப் பேர், ஒரு மெத்தை. திங்கட்கிழமைக்குப் படம் இல்லை. இருந்தது அக்காவோடு சேர்த்து மூன்று பேர், மூன்று பேர் கையிலும் வேலை இருந்தது.