கன்னியம்மா கை கட்டியிருந்த வாரம்

போன மாதம் ரேஷன் கடையில் என் கட்டைவிரல் தோற்றுப்போனது. வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா ஊருக்குப் போயிருந்தார். நாலைந்து நாளாக நானே கம்பி நாரை வைத்துக்கொண்டு குக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விரலை வைத்தேன், சிவப்பு விளக்கு. புடவையில் துடைத்துவிட்டு வைத்தேன், மறுபடியும் சிவப்பு. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பாத்திரம் தேய்க்கிறீங்களா மேடம்?" என்றார். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும், சிரிப்புதான் வந்தது. இதே கேள்வியை நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு கருவியை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார், வேலை முடிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. கடையில் இருந்தது பாமாயில்தான். இந்த வாசனை கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்தது. பழைய நாட்களுக்கு இப்படி ஒரு கெட்ட பழக்கம் உண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும்.

கல்லூரியை முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை அந்த ஊர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சிறிய உதவி மையத்தில். பதவியின் பெயர் நலத்திட்ட ஆலோசகர். விதவை உதவித்தொகை, மாற்றுத்திறனாளி அட்டை, ஆலையில் அடிபட்டவருக்கு வரவேண்டிய நிவாரணம் என்று, உரிமையாக வரவேண்டியது வராமல் நின்றுபோனவர்களுக்கு வழி சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் கூடவே போய் நிற்க வேண்டும். ஊர்க்காரர்கள் இதையெல்லாம் சுருக்கி 'மனு மேடம்' என்று வைத்துவிட்டார்கள். "எம் பொண்ணு ஆலோசகரா இருக்கா" என்று என் அம்மா சொந்தக்காரர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்த நேரத்தில், நான் ஏதாவது ஓர் அலுவலக வாசலில் யாருக்காவது குடை பிடித்துக்கொண்டிருப்பேன்.

மையம் இருந்தது பாஷா பாயின் கயிற்றுக் கடைக்குப் பின்னறையில். பாய்க்குப் பூர்வீகம் பழவேற்காடு. முன்னால் வலைக்கயிறு, நைலான் கயிறு, தார்ப்பாய் எல்லாம் உத்தரத்திலிருந்து தொங்கும். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் அவற்றை விலக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். வருகிறவரிடம் பாய் முதலில் கேட்பது, "நாஷ்டா ஆச்சா?" இல்லை என்றால் டீயும் பன்னும் வந்துவிடும். பசியோடு இருப்பவரிடம் விவரம் கேட்டால் பாதிதான் வரும் என்பது பாயின் கட்சி. கடைசிவரை எங்கள் நிறுவனம் அந்த பன்னுக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

வருகிறவர்கள் காகிதங்களைக் கொண்டுவரும் விதம் தனி ரகம். கம்பளி வாங்கிய ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை, துணிக்கடைப் பை, பழைய பிஸ்கட் டின். மழைக்காலத்தில் ஒருவர் குக்கரில் வைத்து மூடிக் கொண்டுவந்தார். திறந்தபோது மேல் காகிதத்தில் லேசாக சாம்பார் வாசனை. அதை அலுவலகத்தில் நீட்டியபோது அந்த அதிகாரி மதியச் சாப்பாட்டுக்குச் சீக்கிரமே எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் அரை நாள் காத்திருந்தோம்.

காகிதம் சரியாக இருந்தாலும் கை கைவிடும் என்பதை எனக்குத் தெரியவைத்தவர் கன்னியம்மா அக்கா. தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். நான் உள்ளே இறங்கி உட்காரலாம், அவ்வளவு பெரிய அண்டாக்கள். புருஷன் போய்ப் பல வருஷம். புதுவாயல் பக்கம் ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் தனியாக இருந்தார். கேன்டீன் வேலை கான்ட்ராக்டர் கூப்பிட்டால்தான். வாடகைக்கு நம்பியிருந்தது விதவை உதவித்தொகையை. மாதாமாதம் ஒருவர் கையடக்க இயந்திரத்தோடு தெருவுக்கு வருவார், விரல் வைத்தால் பணம். சோப்புத் தண்ணீரும் கம்பி நாரும் சேர்ந்து கன்னியம்மா அக்காவின் ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தன. சில மாதம் விரல் விழவில்லை, அதாவது இயந்திரம் ரேகையை ஏற்கவில்லை. பிறகு தொகையே நின்றுவிட்டது.

"இன்னா பாப்பா சொல்லுது அந்த மிஷினு? நா நானில்லன்னு சொல்லுதா?" என்றுதான் அவர் முதல் நாள் ஆரம்பித்தார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

சூளூர்பேட்டைப் பக்கம் அவருக்கு ஒரு தம்பி. தனியாக ஏன் அவதிப்படுகிறாய், இங்கே வந்துவிடு என்று போன் மேல் போன். இரண்டு மாத வாடகை நின்றதும் வீட்டுக்காரரும் அதையே வேறு குரலில் சொல்ல ஆரம்பித்தார். "தம்பி நல்லவன்தான். அவம் பொண்டாட்டியும் நல்லவதான். ஆனா அந்த ஊட்ல ஒரு சொம்பு தண்ணி மொண்டா கூட ரெண்டு கண்ணு பாத்துக்கினே இருக்கும். என் ஊட்ல நா கால நீட்டிக்கினு குந்தணும் பாப்பா, அவ்ளோதான் எனக்கு வோணும்." அவர் கேட்டது அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த மனு என்னுடைய மனுவாகிவிட்டது.

அடுத்த வாரம் புதுவாயலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரேகைப் பதிவு முகாம் என்று தெரிந்தது. அங்கே விரல் விழுந்துவிட்டால் நின்றது திரும்ப வரும். விழாவிட்டால் கோப்பு மேலே போகும். மேலே போன கோப்பு எப்போது இறங்கும் என்று எனக்கும் தெரியாது, மேலே இருப்பவர்களுக்கும் தெரியாது. இதற்கு எங்கள் தொழிலில் வாய்வழியாக வந்த ஒரு வைத்தியம் உண்டு. ஒரு வாரம் கைக்கு ஓய்வு. தண்ணீர், சோப்பு, நார் எதுவும் படக்கூடாது. காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய். ரேகை மெல்ல எழுந்து வரும். நான் பெரிய டாக்டர் தோரணையில் இதைச் சொல்லி முடித்தேன்.

"சோறு யாரு ஆக்குவா?" என்றார்.

அதற்குப் பதில் வைத்திருந்தவர் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா. ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை, தெருவுக்கே கேட்கிற குரல். அன்று மாலையே லைன் வீட்டுப் பெண்களை வாசலுக்குக் கூப்பிட்டுப் பங்கு பிரித்துவிட்டார். ஒருத்தி சோறு, ஒருத்தி தண்ணீர், ஒருத்தி துணி. கேன்டீனில் மாற்றாளாக ஸ்டெல்லாவின் நாத்தனார். "கன்னிம்மா கையில துரும்பு படக்கூடாது. பட்டா நா மனுஷியா இருக்கமாட்டேன்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏதோ நானே ஏற்பாடு செய்த மாதிரி மிதப்பில் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்க்கப் போனால், கன்னியம்மா அக்காவின் விரல்கள் முன்பைவிட மோசம். வெளுத்து, ஊறி, சுருங்கிக் கிடந்தன. தேங்காய் எண்ணெய் பாட்டில் மட்டும் பாதியாகியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டெல்லாதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார். ராத்திரி சாப்பிட்டு வெளியே போட்ட பாத்திரமெல்லாம் காலையில் பளபளவென்று கவிழ்ந்திருக்கிறதாம். முதல் நாள் அவரவர் மாமியார் செய்த புண்ணியம் என்று நினைத்துக்கொண்டார்களாம். மாமியாரே இல்லாத வீட்டுப் பாத்திரமும் மின்னியபோதுதான் சந்தேகம் வந்திருக்கிறது. கன்னியம்மா அக்கா விடியுமுன் எழுந்து அடிபம்புக்குப் போய் லைன் முழுக்கத் தேய்த்திருக்கிறார்.

"அவங்கல்லாம் என் சட்டிய தேச்சிக்கினு கீறாங்க, நா ராணி கணக்கா பாத்துக்கினே குந்தினு இருக்கவா? பேஜாரா பூட்ச்சி பாப்பா. தூக்கமே வர்ல."

"நாங்க ஒருத்தி சட்டிய தேய்க்கறோம். நீ எல்லார் சட்டியயும் தேச்சிட்டு கீறே. இதுக்கு நீ வேலைக்கே போயிருக்கலாம்" என்றார் ஸ்டெல்லா.

சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் பயம். முகாமுக்கு நாள் நெருங்கிவிட்டது. அன்றைக்கே இதைப் பாயிடம் புலம்பினேன். பாய் ஒரு கயிற்றுச் சுருளைக் கட்டிக்கொண்டே, "அந்தம்மாவுக்கு வேல இல்லாதது பிரச்சன. கை இல்லாத வேலயா குடுங்க. இங்க இட்டுனு வாங்க" என்றார்.

மறுநாளிலிருந்து கன்னியம்மா அக்கா கடை வாசல் பெஞ்சில். வேலை, வருகிறவர்களிடம் என்ன ஏது என்று கேட்டு உள்ளே அனுப்புவது. 'நாஷ்டா ஆச்சா' இலாகாவையும் பாய் அவரிடமே ஒப்படைத்துவிட்டார். எண்ணெய் பூசிய இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் சொன்னதை அவர் எவ்வளவு சிரத்தையாக எடுத்துக்கொண்டார் என்றால், மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட, "பாப்பா, இத்த ஓட்டு" என்று உள்ளே குரல் கொடுப்பார். நானும் மனுவை வைத்துவிட்டு வந்து ஓட்டுவேன். ஆலோசகர் வேலையில் அதுவும் சேர்த்தி.

என்னிடம் மூன்று வார்த்தை பேசுகிறவர்கள் அவரிடம் முழுக்கதையும் சொன்னார்கள். கயிறுகளுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சுருக்கம் சொல்வார். "மேடம், இந்த அண்ணனுக்கு அடிபட்டது காலு, ஆனா மனசுலதான் ஜாஸ்தி. மொதல்ல டீ குடிக்கட்டும், அப்பால கேளு." அந்த வாரம் என் வேலை பாதியாகக் குறைந்தது, நடந்த வேலை இரண்டு பங்கானது. பாய் மட்டும், கயிற்றிலெல்லாம் எண்ணெய்க் கை பட்டிருக்கிறது என்று தினமும் ஒரு தடவை முறையிட்டுக்கொள்வார்.

தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஸ்டெல்லா அவருக்குத் தலை வாரிப் பின்னி அனுப்பினார். ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்தபடி அக்கா சொன்னார், "எங்கம்மா செத்ததுக்கு அப்புறம் எந்தலைல வேற ஆள் கை படறது இப்பத்தான்." சொல்லிவிட்டு அடுத்து வந்தவரிடம் நாஷ்டா ஆச்சா என்று கேட்கப் போய்விட்டார். எனக்குத்தான் கொஞ்ச நேரம் கையிலிருந்த மனுவில் எழுத்து தெரியவில்லை.

முகாமன்று லைன் வீடே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தது. கன்னியம்மா அக்கா பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார், ஸ்டெல்லா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார், பாய் துவா செய்து அனுப்பியிருந்தார். இயந்திரத்தின் முன்னால் இருந்தவர், "வைங்கம்மா" என்றார். சிவப்பு. கன்னியம்மா அக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் சூளூர்பேட்டை தெரிந்தது. ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்துத் தன் முந்தானையால் எண்ணெயை அழுத்தித் துடைத்தார், விரலில் மெதுவாக ஊதினார், தானே கொண்டுபோய் வைத்தார். பச்சை.

"விழுந்துடுச்சி" என்றார் இயந்திரக்காரர், தலையை ஆட்டியபடி.

கன்னியம்மா அக்கா கட்டைவிரலை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இதுக்காடி இம்மாம் ஆட்டம்" என்று விரலையே வைதார். பிறகு இயந்திரக்காரரிடம் மிக மரியாதையாக, "இப்ப நா பாத்திரம் தேய்க்கலாமா சார்?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் லைனுக்கே மீன் குழம்பு. எல்லாப் பாத்திரத்தையும் அவர்தான் தேய்த்தார். யாராலும் தடுக்க முடியவில்லை.

பாயின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை, பகலிலும் விளக்கு எரிகிறது. மையத்தை மூடி வெகுநாளாகிறது. நானும் வேறு வேலைக்கு மாறி சோழவரம் பக்கம் வந்துவிட்டேன். ஸ்டெல்லா திருவள்ளூரில் மகன் வீட்டில் இருக்கிறார். லைன் வீடுகளில் வருகிறவர்களும் போகிறவர்களும் வேறு வேறு ஷிப்டு, பாத்திரம் எல்லாம் கதவுக்கு உள்ளேயே.

ரேஷன் கடையில் விரல் தோற்ற அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா அக்காவைப் பார்க்கப் போனேன். அதே வீட்டில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். உதவித்தொகைக்கு இந்த வருஷச் சரிபார்ப்பு பாக்கி என்றார். என் போனில் அதற்கான செயலியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணை ஒருமுறை சிமிட்டச் சொன்னது. சிமிட்டினார். அடுப்பில் வைத்த டீ பொங்குவதற்குள் முடிந்துவிட்டது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்கா."

மடியில் கிடந்த இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ஒரு வாரம் கைய கட்டிக்கினு குந்துன்னு நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார். டீ குடித்து முடித்ததும், நான் நீட்டிய டம்ளரையும் வாங்கிக்கொண்டு கழுவ எழுந்து போனார்.