கேத்திலின் அடியில் கண்டதும் சொல்லாமல் விட்டதும்

மனைவியின் தம்பி லண்டனில் கோப்பிக் கடை திறக்கப்போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று, எங்கள் தீவின் நாரந்தனைச் சந்தியிலுள்ள என் தேத்தண்ணிக் கடையில் மூன்று பேருக்குச் சீனி போட மறந்தேன். ஒருவர் திருப்பித் தந்தார். மற்ற இருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே குடித்தார்கள்.

கோப்பி மெசின் தெரிவுசெய்ய அவர் என்னிடமே யோசனை கேட்டதுதான் பெரிய கொடுமை.

"அத்தான், கோப்பித்தூள் போடுற பிடி ரெண்டுள்ளதோ, மூண்டுள்ளதோ?"

"உமக்கு எத்தினை கை?"

"ரெண்டு."

"பிறகென்ன கேள்வி?"

பகிடியை நம்பி இரண்டு பிடி மெசினையே வாங்கினார். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. தண்ணி கொதிக்கிற என் கேத்திலில் யாரும் முகம் பார்த்ததில்லை.

கடை திறந்த முதல் கிழமைக்குள்ளேயே வீடியோவில் மெசினைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். பிடிகளைத் தினமும் கழுவுவாராம். நீராவிக் குழாயை ஒவ்வொரு கோப்பைக்குப் பிறகும் துடைப்பாராம். பக்கத்தில் ஒரு மின்கேத்தில் இருந்தது. மூடியைத் திறந்தபோது அடியில் வெள்ளைப் படிவு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நல்ல தண்ணிக் கிணறுகள் உள்ள சாட்டியிலிருந்து பவுசர் லொறி வராத நாட்களில், எங்கள் உவர்க் கிணற்றுத் தண்ணியால் என் கேத்திலுக்கும் இதே கல்தான் பிடிக்கும். தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்கவைத்துச் சுரண்டுவேன். தீவிலே பிறந்த அவருக்கும் இது தெரியும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு வெளிநாட்டுக் குழாயில் வருவதெல்லாம் நல்ல தண்ணி. வாயில் உப்புக் கரிக்காவிட்டால் சரி, வேறு சோதனை இல்லை.

சொல்லியிருக்கலாம். "வடிவான மெசின்" என்று மட்டும் சொன்னேன்.

நாலாம் மாதம் ஒரு பகல் நான் வீட்டில் இருந்தபோது ஃபோன் வந்தது. "அத்தான், சொட்டுச் சொட்டாத்தான் வருது. மெசின் நிண்டால் கடையைப் பூட்டவேண்டியதுதான். நானே கழட்டிப் பார்க்கப்போறன்."

 கொதிக்கிற மெசினை இவர் கழற்ற, அது வெடித்து, என் பெயரைச் சொல்லிக்கொண்டே இவர் கண்ணை மூட... நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். என்ன நேர்ந்தேன் என்பது பதற்றத்தில் எனக்கே தெரியாது. அம்மன் குறித்து வைத்திருப்பா.

"தொடாதையும்! நிப்பாட்டும்! உள்ளுக்குக் கல் பிடிச்சிருக்கு. திருத்துற ஆளைக் கூப்பிடும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உம்மட கேத்திலுக்கை கண்டனான்."

"எப்ப?"

"கடை திறந்த கிழமை."

 குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்துச் சொன்னா: "எரிச்சலிலை சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோவன். எனக்கு நாலு மாசமாத் தெரியும்."

"ஓம்," என்றேன். "எரிச்சல்தான்."

திருத்துபவர் மெசினுக்குள் இருந்து கல்லைக் கரைத்தெடுத்து, குழாயில் ஒரு வடிகட்டியும் பூட்டினார். மூன்று நாளில் கடை திறந்தது. மைத்துனர் ஒரு படம் அனுப்பினார். வடிகட்டியில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டி, 'சாட்டி' என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: "இதை மாத்துற நாளை ஞாபகப்படுத்துறது இனி உங்கட வேலை. அதுதான் தண்டனை."

இதுவரை ஒரு தரமும் நான் பிந்தவில்லை. செய்தியை அனுப்பிவிட்டு என் கேத்திலுக்குத் தேசிக்காய் வெட்டுவேன். அந்த நேரம் மட்டும் புளி பட்ட விரலோடு மனமும் கொஞ்சம் எரியும்.