கதவுக்கு வெளியே செருப்பு

இந்த ஊர் மாடிக் கட்டடங்களில் கதவுக்கு வெளியே செருப்பு கிடந்து நான் கண்டது குறைவு. கனடாவில், மோர்னிங்சைட் பகுதியில் எங்கள் எதிர்வீட்டு வாசலில் ஒரு சோடிச் சிவப்புச் செருப்பைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டேன். புதிதாகக் குடிவந்தவள் தாய்லாந்துப் பெண். அவளுடைய மொழியில் நான் அரைகுறையாகச் சுகம் விசாரித்ததும் கைகூப்பி, எங்கே பழகினீர்கள் என்று கேட்டாள். உங்கள் நாட்டில்தான் என்றேன். சுற்றுலாவா என்று முகம் மலர்ந்தாள். வேறென்ன சொல்வது? தலையாட்டினேன்.

கனடாவுக்கு வர முன்னர் நானும் கணவரும் விசா முடிந்த நிலையில் பாங்கொக்கில் அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்தோம். அந்தச் சனங்களை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். சந்தையில் கீரைக்காரி கேட்காமலே ஒரு பிடி கூடப் போடுவாள். எங்களுக்கு அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரியை அவர்கள் முறைப்படி 'பீ', அதாவது அக்கா, என்றே கூப்பிட்டேன். குடிவரவுப் பொலிஸ் வரும் நாட்களில் அறைக்குள் ஆளிருப்பது தெரியாதபடி எங்கள் செருப்புகளை அள்ளி ஒளித்து வைப்பவள் அவள்தான். காலால் ஒன்றைச் சுட்டுவதைப் போன்ற அவமரியாதை தங்கள் நாட்டில் வேறில்லை என்று சொல்லித் தந்தவளும் அவள்தான். ஒருநாள் நான் சந்தையால் திரும்பி வந்தபோது எங்கள் அறை வாசலில் பொலிஸோடு நின்றாள். நான் படிக்கட்டு மறைவில் ஒதுங்கினேன். கால் பெருவிரலால் என் கணவரின் செருப்பைக் காட்டினாள்.

பொலிஸ் பிடித்துப்போய் அடைத்து வைத்த தடுப்பு முகாமிலிருந்து அவர் பாதி ஆளாகத்தான் வந்தார். ஏன் செய்தாய் என்று அவளிடம் கேட்டேன். சிரித்தபடி "மை பென் ராய்" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். யாருக்குப் பரவாயில்லை? பொலிஸ் வெருட்டியிருக்கும் என்பார் கணவர். இருக்கலாம். அக்கா என்று கூப்பிட்ட எனக்கு மனம் ஆறவில்லை.

போன ஞாயிறு எதிர்வீட்டுப் பெண் மாம்பழமும் தேங்காய்ப்பால் சோறும் கொண்டு வந்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து இருந்தாள். கணவரின் கண் கதவிலேயே நின்றது.

"இஞ்சரும், அந்தச் செருப்பை உள்ளுக்கை எடுத்து வையும்."

"கிடக்கட்டுமப்பா. அவவின்ரை செருப்புத்தானே."

அவரே எழுந்துபோய் எடுத்துவந்து எங்கள் சப்பாத்துகளுக்கு நடுவில் வைத்துக் கதவைப் பூட்டினார். களவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். "மை பென் ராய்," என்றாள். "கனடாவில் யார் எடுக்கப் போகிறார்கள்?"

குடியுரிமை கிடைத்த பிறகும் எங்கள் செருப்புகள் ஒருநாளும் வெளியே கிடந்ததில்லை என்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

போகும்போது பழக்கத்தில் வெறுங்காலோடு வெளியே நின்று செருப்பைத் தேடினாள். எங்கள் ஆட்கள் என்றால் காலால் தள்ளிவிட்டிருப்பேன், அதில் குற்றமில்லை. அவளுக்கு அது என்னவென்று எனக்குத் தெரியும். தள்ளத்தான் கால் எழுந்தது. பிறகு குனிந்து, கையால் எடுத்துக் கொடுத்தேன். அவள் கைகூப்பினாள். நான் கூப்பவில்லை.