மீன் வயிற்றுப் பீப்பி

குற்றச்சாட்டு: மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து இருபதுக்கு, குளியல் தொட்டியில் மிதந்த ரப்பர் மீனின் வயிற்றிலிருந்து, அழுத்தினால் கத்தும் பீப்பி தானாகக் கழன்று, ஒன்றரை வயதுக் குழந்தையின் வாய்க்குள் போனது. பொம்மை செய்த நிறுவனமோ, காப்பக ஊழியர் அதை ஊசியால் நெம்பி எடுத்தார் என்று கடிதம் எழுதியது.

அந்த ஊழியர்தான் ரசீதக்கா. பேனா வாங்கிய சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதவர் என்பதால் வந்த பெயர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். மிச்சப் படிப்பையெல்லாம் பெட்டிகளின் மீது அச்சிட்ட பொடி எழுத்திலிருந்தே கற்றுக்கொண்டார். குழந்தைகள் காப்பகத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் குளிப்பாட்டும் வேலை. சோப்புக் கரைசல் அவருக்கே எட்டாத உயரத்தில் இருக்கும், ஸ்டூல் போட்டுத்தான் எடுப்பார். வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்காது. தொட்டியில் பிள்ளை இருக்கும்போது எவர் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்.

அன்றும் அவர்தான் குழந்தையைக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினார். மூன்றாவது தட்டில் பீப்பி தரையில் விழுந்தது, குழந்தை வீறிட்டது, ரசீதக்காவுக்கு உயிர் வந்தது.

காப்பாற்றிய கைக்குக் கிடைத்த பரிசு, துணி மடிக்கும் அறை. நிறுவனத்தின் கடிதத்தைக் கண்டதும் மேலாளரம்மா அவரை அங்கே மாற்றிவிட்டார். மிச்சம் ஐந்து மீன்கள் அலமாரியில் இருந்தன. திங்கட்கிழமை அவை மீண்டும் தொட்டியில் இறங்கும் என்று தகவல். ரசீதக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துண்டு மடித்தபடியே மீனின் அட்டையை நூறாவது முறையாகப் படித்தார்: "வெதுவெதுப்பான நீரில் கழுவவும்." மடித்த துண்டு கையிலிருந்து நழுவியது. நிறுவனத்தார் சோதித்தபோது உலர்ந்த மீனை அல்லவா இழுத்துப் பார்த்திருப்பார்கள்!

சனிக்கிழமை காலை நிறுவனத்தின் விற்பனையாளர் புது மீன்கள் கொண்ட பெட்டியோடு மேலாளரம்மாவைப் பார்க்க வந்தார்.

"பாருங்க மேடம், பீப்பியை இழுக்குறேன். வருதா? யானையைக் கட்டி இழுத்தாலும் வராது!"

வாசலில் ரசீதக்கா. "யானை இங்க குளிக்க வர்றதில்ல தம்பி. அதைத் தண்ணியில போட்டுட்டு இழுங்க."

"தண்ணி எதுக்குக்கா?"

"குளியல் பொம்மைனுதானே வித்தீங்க? வெயில்ல காயப்போடவா?"

சமையல்காரர் கரண்டியும் கையுமாக ஓடி வந்துவிட்டார். "போடுங்க சார், என்ன பயம்? மீனுக்கு நீச்சல் தெரியும்!"

வெதுவெதுப்பான நீரில் மூன்று மீன்கள், பத்து நிமிடம். பெட்டியைப் பிரித்தது விற்பனையாளரின் கை, மீனை அழுத்தியதும் அவர் கைதான். ரசீதக்கா தம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பொளக்! பீப்பி பறந்து போய்ச் சமையல்காரரின் மார்பில் பட்டது.

"ஐயோ, சுட்டுட்டாங்க!" என்று அவர் கத்த, எட்டிப் பார்த்த ஆயாக்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"இன்னொண்ணு," என்றார் ரசீதக்கா. இரண்டாவதும் பறந்தது. மூன்றாவது, தொடுவதற்கு முன்பே தண்ணீரில் கழன்று கிடந்தது! கைதுடைக்கும் காகிதச் சுருள் தீர்ந்துபோன அட்டைக் குழலை ரசீதக்கா நிமிர்த்திப் பிடித்து, மூன்று பீப்பிகளையும் மேலிருந்து போட்டார். மூன்றும் உரசாமல் கீழே விழுந்தன.

"இதுல விழுறது எதுவா இருந்தாலும் குழந்தை தொண்டையில போய் அடைக்கும். ஊசி எங்க தம்பி? தேடிக் குடுங்க."

மேலாளரம்மா அலமாரியின் ஐந்து மீன்களையும் தம் கையாலேயே பையில் கட்டினார். "திங்கக்கிழமை நீங்களே குளிப்பாட்டுங்கக்கா. நான் அவசரப்பட்டுட்டேன்."

"ஆபீஸ்ல சொல்லிடுறேன்கா," என்று விற்பனையாளர் பெட்டியை மூடினார்.

"சொன்னது காத்தோட போயிடும். கடையில வித்த மீனு எத்தனை தொட்டியில மிதக்குதோ!"

ரசீதக்கா அங்கேயே உட்கார்ந்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். நடந்ததைக் கண்ட ஐவரிடமும், விற்பனையாளரிடமும் கையொப்பம் வாங்கினார். கடிதத்தின் கடைசிப் பத்தி இது: "என்மீது சுமத்திய ஊசிப் பழியைத் திரும்பப் பெறுகிறீர்களா? கடைகளில் உள்ளதும் விற்றதுமான மீன்களைத் திரும்பப் பெறும் தேதி எது? இரண்டுக்கும் ஏழு நாள்களுக்குள், கையொப்பத்துடன், எழுத்து மூலமாகப் பதில் தருக."