கதவுக்குள் அடங்காத ஹோர்ன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பழைய வீட்டில் பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தோம். ஒரு பக்கம் காலி வீதி பஸ்களின் இரைச்சல், மறுபக்கம் கரையோர ரயில். இது போதாதென்று என் கணவர் பின்னறையில் ஸ்பீக்கர் செய்துகொண்டிருந்தார்.

ஸ்பீக்கர் என்றால் கடையில் விற்கும் பெட்டி இல்லை. கோயில் திருவிழாவில் உயரத்தில் கட்டும் ஹோர்ன் குழாயைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான், ஆனால் மரத்தில், என் உயரத்துக்கு, ஒரு சோடி. சின்னத் தொண்டையில் தொடங்கி, வளைந்து விரிந்து, பெரிய வாயில் முடியும். சிறிய சத்தமும் அதன் வழியே வரும்போது அறையை நிறைக்கும், காதைக் குத்தாது. வளைவு பிசகினால் எல்லாம் பிசகிவிடும் என்பார்.

அவர் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்காளர். வேலையால் வந்து தேத்தண்ணி குடித்த கையோடு பின்னறைக்குள் போய்விடுவார். பலகையின் முதுகில் வாளால் மெல்லிய கீறல்கள் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, மெல்ல மெல்ல வளைப்பார். சில நேரம் முடியப்போகிற கட்டத்தில் பலகை படாரென்று முறியும். மனுசன் முகம் சுளிக்காமல் அடுத்த பலகையை எடுப்பார். எனக்கோ சட்டி மூடி பொருந்தாவிட்டாலே கோபம் வரும். மரத்தூள் சோறு வரைக்கும் வருகிறது என்று எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் அவர் தேய்த்து முடித்த வளைவைத் தடவிப் பார்க்காமல் அந்த அறையைக் கடந்ததில்லை. அவ்வளவு வழுவழுப்பு.

அப்படியிருக்க வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். இடித்துவிட்டு மாடி வீடுகள் கட்டப்போகிறார்களாம். நாங்கள் கல்கிசையில் வீடு பார்த்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை காலி செய்து வீட்டுப் பூட்டின் திறப்பைக் கொடுக்கவேண்டும். ஹோர்ன்களை மட்டும் தனியாகக் கவனமாக ஏற்றவேண்டும் என்று என் கணவர் சனிக்கிழமை காலையிலேயே ஒரு லொறியை வரவழைத்திருந்தார்.

தூக்கினோம். அகன்ற வாய் கதவில் முட்டியது. சரித்தோம், முட்டியது. தலைகீழாகத் திருப்பியும் பார்த்தோம். அசையவில்லை. பலகைகள் ஒவ்வொன்றாகத் தட்டையாக உள்ளே வந்தவை. முழு ஹோர்னாக ஒருநாள் வெளியே போகவேண்டுமே என்று யாரும் யோசிக்கவில்லை. மயிரிழை பிசகாமல் வளைவை அளந்த மனிதர் கதவை அளக்க மறந்துவிட்டார்! முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

அந்த அறையில் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. ஆனால் அது கம்பி போட்ட ஜன்னல். திறப்பு தன் கைக்கு வரும்வரை வீட்டில் ஒரு ஆணியையும் கழற்றக்கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டில் ஒரு சாமானும் மிச்சம் இருக்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

என் கணவர் பென்சிலை எடுத்து ஹோர்னின் குறுக்கே கோடு போட்டார். பிறகு வாளை எடுத்தார்.

"என்னப்பா செய்யப்போறியள்?"

"வெட்டினாத்தான் போகும். பிறகு ஒட்டலாம்."

"ஒட்டினா முந்தி மாதிரி கேக்குமோ?"

அவர் வாளைக் கோட்டில் வைத்தார். கேட்காது என்று எனக்கும் விளங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் வந்து நின்றார். கொட்டாஞ்சேனையில் பழைய வீட்டுக் கதவு, ஜன்னல் வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி. இடிக்கும் முன், திங்கட்கிழமை வந்து மரச் சாமான்களைக் கழற்றி எடுக்க வீட்டுக்காரரிடம் பேசி முடித்திருந்தார். இரண்டு வேலையாட்களோடு வந்து, நாங்கள் இருக்கும்போதே கதவுகளில் சோக்குக் கட்டியால் அடையாளம் போடத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்குப் போகிறவர்களின் வீட்டில் இன்றைக்கே கோடு போடவேண்டுமா?

பின்னறைக்கு வந்தவர் சோக்கை மறந்துவிட்டார். ஹோர்னின் வாய்க்குள் கையை விட்டு, வளைவு போகும் வழியெல்லாம் தடவினார்.

"இது யாரு செஞ்ச?"

"இவர்தான்," என்றேன். கோபத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் வந்தது.

"மாஷா அல்லாஹ்! ஒருக்காப் போடுங்களே சேர், கேப்பம்."

வயர்களைத் திரும்பக் கொழுவி, என் கணவர் தான் பதிந்து வைத்திருந்த ஒன்றைப் போட்டார். எங்கள் ஒழுங்கை முடிவில் ரயில் போகும் சத்தம். தூரத்தில் தொடங்கி, தண்டவாளம் அதிர்ந்து, அறையைக் கடந்து போயிற்று. வியாபாரி சட்டென்று திரும்பி ஜன்னலால் எட்டிப் பார்த்தார். வெளியே ஒரு ரயிலும் இல்லை. பிறகு பென்சில் கோட்டையும் வாளையும் பார்த்தார். என் கணவர் விஷயத்தைச் சொன்னார்.

"வெட்ட வாணாம் சேர். ஜன்னலக் கழட்டுவம்."

"நானா, வீட்டுக்காரர் ஏசுவார். இண்டைக்கு ராவும் நாங்கள் பிள்ளையளோட இஞ்சதான் படுக்கோணும்," என்றேன். முஸ்லிம் ஆட்களை அண்ணன் என்கிற முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"அவரோட நான் கதைக்கிறன். கழட்டினத் திரும்பப் பூட்டவும் ஏலும்தானே."

போனில் வீட்டுக்காரர் கத்தியது எங்களுக்கே கேட்டது. வியாபாரி பொறுமையாக, எல்லாம் என் பொறுப்பு என்று சொல்லி முடித்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே வேலையில் இறங்கினார். சட்டத்தைச் சுற்றிச் சாந்தைத் தட்டி, ஒரு கண்ணாடியும் உடையாமல் ஜன்னலை முழுசாகப் பெயர்த்துச் சுவரில் சாய்த்தார். ஹோர்ன்கள் இரண்டும் ஓட்டையால் வெளியே போய், பழைய மெத்தைகளுக்கு நடுவே லொறியில் ஏறின. ஒழுங்கையே வந்து வேடிக்கை பார்த்தது. என் கணவர் கண்ணைத் துடைத்துவிட்டு, தூசு என்றார்.

அதன் பிறகுதான் நான் மறக்காதது நடந்தது. வேலையாட்கள் ஜன்னலை ஒப்புக்கு ஓட்டையில் நிறுத்திவிட்டு ஒதுங்கினார்கள். வியாபாரி விடவில்லை. சுற்றிவர மரத்துண்டுகளை அடித்து இறுக்கினார். கம்பியைப் பிடித்து உலுப்பிப் பார்த்தார். ஒரு மூலை ஆடியது. அதைக் கழற்றித் திரும்ப அடித்தார். திங்கட்கிழமை அதே கையால் அதே ஜன்னலைப் பெயர்க்கப்போகிறவர்!

"தங்கச்சி, இப்ப நீங்களும் உலுப்பிப் பாருங்க," என்றார். நான் முழுப் பலத்தோடு உலுப்பினேன். அசையவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, சோக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கல்கிசை வீட்டுக் கதவை நானே டேப் பிடித்து அளந்திருந்தேன் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். அங்கே ஹோர்ன்களில் தவில் முழங்கும்போது வருகிறவர்கள் என் கணவரின் கைவேலையைப் புகழ்வார்கள். நானும்தான். ஆனால் வீடுகளைக் கழற்றுவதையே தொழிலாகச் செய்யும் ஒருவர், ஒரே ஒரு இரவு எங்கள் பிள்ளைகள் பயமில்லாமல் தூங்குவதற்காக அந்த ஜன்னலை அவ்வளவு இறுக்கமாகப் பூட்டித் தந்தாரே, அதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.